புத்திக்குப் புரிந்தது உடம்புக்கு ஏன் புரியவில்லை?

கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரவுப் பேருந்து ஒன்று கவிழ்ந்ததில் உயிர் பிழைத்தவர். எலும்பு கூடிவிட்டது, தழும்பும் மங்கிவிட்டது. ஆறு மாதம் கவுன்சிலிங் போனதில் "என் மேல் தப்பில்லை, அது முடிந்துபோன விஷயம்" என்பது நன்றாகவே தெளிந்துவிட்டது. ஆனாலும் பின்னாலிருந்து ஏர் ஹாரன் கேட்டால் உடம்பு விறைக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, வயிறு கலங்குகிறது. பேருந்தில் ஏறி ஒன்றரை வருடம் ஆகிறது. விபத்தின்போது கத்தக்கூட இல்லை, கல்லாய் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார். இப்போது ஒரு முகாம், "உடம்பில் தேங்கிய அதிர்ச்சியை மூன்றே நாளில் வெளியேற்றுகிறோம்" என்று 18,000 ரூபாய் கேட்கிறது. உடல்வழிச் சிகிச்சை (உடம்பின் உணர்வையும் அசைவையும் கவனித்து அதிர்ச்சியைத் தணிக்கும் முறை) என்பதெல்லாம் உண்மைதானா, கட்டலாமா என்கிறார். பணத்தைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது வேறு: எல்லாம் புரிந்த பிறகும் உடம்பு ஏன் கேட்க மாட்டேன் என்கிறது? அவசரத்தில் இருப்பவருக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடல்வழிச் சிகிச்சை உண்மையானது, சான்று இன்னும் முழுமையாக இல்லாவிட்டாலும் பலருக்குப் பலன் தருவதாகத் தெரிகிறது. அந்த முகாம் விவரிக்கும் முறை அதுவல்ல. பணம் கட்ட வேண்டாம்.

ஆபத்து நேர்ந்த கணத்தில் மூளையின் அமிக்டலா என்ற பகுதி, அப்போது சுற்றியிருந்த சத்தம், வாசனை, வெளிச்சம், உடம்பு இருந்த நிலை எல்லாவற்றையும் ஆபத்தோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது. அடுத்த முறை அதில் ஏதோ ஒன்று வந்தால் போதும். "இது வெறும் ஹாரன்" என்று நாம் நினைத்து முடிப்பதற்குள் அட்ரினலின் பாய்ந்து, இதயம் வேகமெடுத்து, தசை இறுகிவிடும். யோசனை பின்னால்தான் வந்து சேரும். "உடம்பு நினைவில் வைத்திருக்கிறது" என்று சொல்வது இந்த அர்த்தத்தில் சரி. தோளிலோ இடுப்பிலோ நினைவு கட்டியாகத் தங்கியிருக்கிறது, அமுக்கினால் வடிந்துவிடும் என்ற அர்த்தத்தில் சரியல்ல. தசை நினைவைச் சேமிப்பதில்லை. இந்த வேறுபாட்டில்தான் சிகிச்சை முறையே அடங்கியிருக்கிறது. தேங்கியது என்றால் ஒரே மூச்சில் வடித்துவிடலாம். பழகியது என்றால் வேறொன்றைப் பழக்கித்தான் மாற்ற முடியும். பயம் தணியும்போது பழைய முடிச்சு அவிழ்ந்து மறைவதில்லை. "இந்தச் சத்தம் வந்தும் ஒன்றும் ஆகவில்லை" என்ற புதிய பழக்கம் அதன் மேல் படிகிறது. அது பலப்பட, சிறு சிறு அளவில், பல தடவை, பல இடங்களில் நடக்க வேண்டும். ஒரே அறையில் மூன்று நாள் பழகியது நெடுஞ்சாலையில் கைகொடுக்காமல் போவது இதனால்தான்.

கல்லாய் உட்கார்ந்திருந்ததைப் பற்றி. அது கோழைத்தனம் இல்லை, முடிவெடுத்துச் செய்ததும் இல்லை. ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்ற நிலையில் நரம்பு மண்டலம் தானாகவே உடம்பை உறைய வைக்கிறது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், பாலியல் வன்முறைக்குப் பின் அவசரச் சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களில் 70 சதவீதம் பேர், அந்த நேரத்தில் அசையவோ குரலெழுப்பவோ முடியாமல் உறைந்துபோனதாகச் சொன்னார்கள். அப்படி உறைந்தவர்களுக்குப் பின்னாளில் பி.டி.எஸ்.டி எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் வரும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. "ஏன் கத்தலை?" என்று வீட்டார் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காயம் ஆழமாகிறது. உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால், கேள்வியில்தான் பிழை.

இனி சிகிச்சைகள். அமெரிக்காவில் பீட்டர் லெவின் உருவாக்கிய சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங், பேட் ஆக்டன் உருவாக்கிய சென்சரிமோட்டார் சைக்கோதெரபி, பெசல் வான் டெர் கோல்க், டேவிட் எமர்சன் ஆகியோரின் மையத்திலிருந்து வந்த மனக்காயத்துக்கான யோகா ஆகியவை பெயர் பெற்றவை. இவற்றில் யோகாவுக்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. 2014இல் வெளியான ஆய்வில், வேறு சிகிச்சைகளில் தேறாத 64 பெண்களை இரு குழுவாகப் பிரித்து 10 வாரம், வாரம் ஒரு மணி நேரம் நடத்தினார்கள். முடிவில் யோகாக் குழுவின் 31 பேரில் 16 பேருக்கும், உடல்நலக் கல்வி மட்டும் பெற்ற 29 பேரில் 6 பேருக்கும் பி.டி.எஸ்.டி என்று சொல்லும் நிலை நீங்கியிருந்தது. சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்குக்கு 2017இல் இஸ்ரேலில் 63 பேரை வைத்து, 15 வாராந்தர அமர்வுகளாக நடந்த ஆய்வு நல்ல முன்னேற்றத்தைக் காட்டியது. ஆனால் அதில் ஒப்பிட்டது சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களோடு. இன்னொரு சிகிச்சையோடு அல்ல. அதனால் நம்பிக்கை தருகிறது, போதுமான சான்று இன்னும் இல்லை என்பதுதான் நேர்மையான மதிப்பீடு.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். கவுன்சிலிங் போய் மனம் தெளிந்தும் உடம்பு மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறுதலாகப் பேசுவதும் குற்ற உணர்வைத் தெளிவிப்பதும் நல்லவைதான். ஆனால் அவை பி.டி.எஸ்.டிக்கென்று நிரூபணமான சிகிச்சை ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தவற்றில் முக்கியமானவை இரண்டு: அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சி.பி.டி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை), மற்றொன்று ஈ.எம்.டி.ஆர். இரண்டிலும் அந்தச் சம்பவத்தை ஒழுங்கான முறையில், பாதுகாப்பாக, திரும்பத் திரும்ப அணுக வேண்டும். ஈ.எம்.டி.ஆரில் சிகிச்சையாளரின் விரலசைவைக் கண்ணால் பின்தொடர்ந்தபடி நினைவைத் தொடுவார்கள். கண்ணசைவு அவசியமா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு, முழுச் சிகிச்சை பலன் தருகிறது என்பதில் பெரிய விவாதம் இல்லை. உங்களுக்கு இதுவரை கிடைத்தது இவற்றில் ஒன்றா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால், பேச்சுவழிச் சிகிச்சை தோற்றுப்போனதாக எண்ண வேண்டாம். அது இன்னும் தொடங்கவே இல்லை. உடல்வழி முறை அதோடு சேர்ந்து நடக்கலாம், அல்லது நினைவைத் தொடவே முடியாதபடி உடம்பு கொந்தளிக்கிறவர்களுக்கு முன்தயாரிப்பாக அமையலாம்.

ஒழுங்கான உடல்வழி அமர்வு எப்படி நடக்கும் என்பதை உங்கள் பேருந்தை வைத்தே சொல்கிறேன். ஒரு மணி நேரத்தில் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் விபத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. அறையைச் சுற்றிப் பார்க்கச் சொல்வார்கள், கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்று. உடம்பில் இப்போது சுமாராக, தொந்தரவில்லாமல் இருக்கும் ஓர் இடத்தைக் கேட்பார்கள்: நாற்காலியில் படிந்திருக்கும் முதுகாகவோ, தரையில் ஊன்றிய பாதமாகவோ இருக்கலாம். திரும்பி வர ஓர் இடம் அது. பிறகுதான் சம்பவம், அதுவும் கவிழ்ந்த கணம் அல்ல. முன் சீட்டின் முதுகில் இருக்கும் கம்பியைக் கை பிடித்திருந்ததே, அந்தக் கையை மட்டும். இப்போது விரல்களில் என்ன தெரிகிறது என்று கேட்டு, இருபது முப்பது வினாடி கவனித்து, மீண்டும் பாதத்துக்கு. இப்படிப் போய்வருவதுதான் வேலையின் பெரும்பகுதி. சிகிச்சையாளர் உங்கள் கதையை விட மூச்சையும், கழுத்து நரம்பையும், முகம் வெளுப்பதையும் சிவப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பார். மூச்சு நின்றுபோனால் உடனே நிறுத்துவார். ஒரு கட்டத்தில் உங்கள் கைகள் கம்பியைத் தள்ள விரும்புவது போல இறுகலாம். அப்போது ஒரு தலையணையையோ சுவரையோ பத்து வினாடி எடுத்து, மெள்ள மெள்ளத் தள்ள வைப்பார். அன்று முடியாத அசைவு இன்று முடிகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். அந்த விளக்கம் நிரூபிக்கப்பட்டதல்ல. ஆனால் உறைந்த உடம்புக்குத் தன்னால் அசைய முடியும் என்ற அனுபவம் கிடைப்பதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கடைசிப் பத்து நிமிடம் மறுபடி அறை, ஜன்னல், சாதாரணப் பேச்சு. முடிந்ததும் உடனே வண்டி ஓட்டக் கூடாது.

இந்த வேலைக்குத் தமிழில் ஒரு வசதி இருக்கிறது. "பயமாக இருக்கிறது" என்பது சிகிச்சைக்குப் போதாது. பயம் எங்கே, எப்படி என்று தெரிய வேண்டும். நம்மிடம் அதற்குச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. நெஞ்சு படபடவென்கிறதா, பகீரென்கிறதா? கை வெடவெடவென்கிறதா, மரத்துப்போகிறதா? வயிற்றைப் பிசைகிறதா, புரட்டுகிறதா? படபடப்பு என்றால் உடம்பு முடுக்கத்தில் இருக்கிறது. மரத்துப்போவது என்றால் அடங்கி அணைந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. முன்னதற்கு நிதானம் வேண்டும், பின்னதற்கு அசைவும் விழிப்பும் வேண்டும். மரத்துப்போனவரைக் கண்ணை மூடி இன்னும் தளரச் சொன்னால் நிலைமை மோசமாகும். சிகிச்சையாளரிடம் இந்த வீட்டுச் சொற்களிலேயே பேசுங்கள், ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவை சில. ஒன்று, சுற்றிப் பார்ப்பது: கண் திறந்து, தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்பி, பார்வை தங்கும் பொருளில் ஓரிரு மூச்சு நின்று, இரண்டு நிமிடம். விபத்தில் கழுத்தில் அடிபட்டிருந்தால் தலையை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் திருப்புங்கள். அடுத்தது, நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் பாதி பலத்தில் 5 வினாடி தரையில் அழுத்தி, 10 வினாடி விடுவது, ஐந்து தடவை. விடும்போது காலில் பரவுவதைக் கவனிப்பதுதான் பயிற்சி, அழுத்துவது அல்ல. பிறகு மூச்சு: மூக்கு வழியாக மனத்துக்குள் 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுவது, மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு வரும். மூச்சை விடும்போது, மூளையையும் இதயத்தையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. வெளிமூச்சை நீட்டுவதற்குக் காரணம் அது. இடையில் மூச்சை அடக்க வேண்டாம். காலையும் மாலையும், அமைதியாக இருக்கும்போது செய்யுங்கள். பதற்றம் வந்த பிறகு மட்டும் செய்கிறவர்கள்தான் "எனக்கு இது வேலை செய்யலை" என்கிறார்கள். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் பழக முடியாது.

எங்கே கெடும் என்பதையும் சொல்ல வேண்டும். மூச்சைக் கவனிக்கச் சொன்னதுமே சிலருக்கு நெஞ்சு அடைக்கும், குறிப்பாக நீரில் மூழ்கியவர்களுக்கும் கழுத்து நெரிக்கப்பட்டவர்களுக்கும். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு வெளியே இருப்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: முகத்தில் குளிர்ந்த தண்ணீர், கையில் ஒரு பித்தளைச் செம்பின் கனமும் குளிர்ச்சியும், காதில் விழும் மூன்று சத்தங்கள். இன்னும் சிலருக்குத் தளர்வே பயத்தைக் கிளப்பும், ஏனென்றால் இத்தனை நாள் இறுக்கம்தான் காவலாக இருந்தது. அவர்களுக்கு 30 வினாடி போதும், கண் திறந்தபடி. வேகமாக மூச்சு விடும் பயிற்சிகள், கபாலபாதி, பஸ்திரிகா போன்றவை, இந்த நிலையில் வேண்டாம். மூச்சு மிதமிஞ்சினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, உதடும் விரலும் ஊசி குத்துவது போலாகி, கை வளைந்து இழுத்துக்கொண்டு, தலை சுற்றும். பீதி வருவதும் இதே போலத்தான் இருக்கும் என்பதால் உடம்பு இதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளும். பல முகாம்களில் இதே இழுப்பைத்தான் "அதிர்ச்சி வெளியேறுகிறது" என்று காட்டுகிறார்கள். அது வாயுக் கணக்கு, வேறொன்றும் இல்லை.

ஹாரனுக்கு வருவோம். இதைச் சிகிச்சையாளரோடு சேர்ந்து திட்டமிடுவது நல்லது. பயத்துக்கு 0 முதல் 10 வரை எண் கொடுங்கள். கைப்பேசியில் ஹாரன் ஒலியைப் பதிந்து, 3 அல்லது 4 வரும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து, ஒரு தடவை கேட்டு, எண் 2க்கு இறங்கும் வரை அப்படியே இருந்து, மீண்டும் ஒரு தடவை. நாளுக்கு ஐந்தாறு முறை. முதல் ஒலிக்கே 2தான் வருகிறது என்றானதும் சத்தத்தை ஒரு படி ஏற்றலாம். பிறகு பகலில் சாலையோரத் தேநீர்க் கடையில் பத்து நிமிடம். பிறகு நிறுத்தப்பட்ட பேருந்தில் ஏறி உட்கார்ந்து இறங்குவது. பிறகு டவுன் பஸ்ஸில் இரண்டு ஸ்டாப், நம்பிக்கையானவர் பக்கத்தில் இருக்க. அடுத்து அவர் இல்லாமல். இரவுப் பயணம் கடைசியில். எந்தப் படியிலும் 6 தாண்டினால் படி பெரிது, பாதியாக வெட்டுங்கள். அன்றிரவும் மறுநாளும் தூக்கம் கெட்டு, சின்னச் சத்தத்துக்கெல்லாம் தூக்கிவாரிப்போட்டாலும் அதே அர்த்தம்தான். ஒரு நுணுக்கம்: ஹாரன் கேட்கும்போதே பயத்தை அமுக்க மூச்சுப் பயிற்சி செய்யாதீர்கள். செய்தால், "மூச்சு விட்டதால்தான் தப்பித்தேன்" என்று உடம்பு கற்றுக்கொள்ளும். ஹாரன் ஆபத்தில்லை என்பதைக் கற்றுக்கொள்ளாது. மூச்சை முன்னும் பின்னும் வையுங்கள். இதில் சிகிச்சை முறைகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. சி.பி.டிக்காரர்கள் பயம் இறங்கும் வரை நிற்கச் சொல்வார்கள். உடல்வழிக்காரர்கள் தொட்டுவிட்டுத் திரும்பச் சொல்வார்கள். ஒன்றைத் தொடங்கினால் அதையே சில வாரம் செய்து பாருங்கள், கலக்க வேண்டாம்.

முகாமை வேண்டாம் என்றது அளவு கருதித்தான். இந்த வேலையில் அளவுதான் மருந்து. காட்டு விலங்குகள் நடுங்கியே அதிர்ச்சியை உதறிவிடுகின்றன, நாமும் நடுங்கினால் தீர்ந்துவிடும் என்பது கேட்க அழகான கருத்து. ஆனால் நிறுவப்பட்ட உண்மை அல்ல. பெரிய பயத்துக்குப் பின் தானாக வரும் நடுக்கத்தைத் தடுக்க வேண்டியதில்லை, அது இயல்பு. வலிந்து வரவழைத்து, உரத்த இசையில், முன்பின் தெரியாத நாற்பது பேர் நடுவில் அழ வைப்பது வேறு. அன்று உங்கள் பிடி கையை விட்டுப் போனதுதான் காயம். மீண்டும் பிடி போனால் அதே பாடம்தான் இன்னொரு முறை பதியும். அழுது களைத்த பின் வரும் இலேசான உணர்வு உண்மையானதே, ஆனால் பல நேரங்களில் சில நாளில் கலைந்துவிடும். அப்போது முகாம் முடிந்திருக்கும், கூட யாரும் இருக்க மாட்டார்கள். விளம்பரங்களில் அடிபடும் பாலிவேகல் கோட்பாட்டைப் (பாதுகாப்பு உணர்வையும் உறைதலையும் வேகஸ் நரம்பை வைத்து விளக்குவது) பற்றியும் ஒரு வார்த்தை: ஸ்டீபன் போர்ஜஸ் 1994இல் முன்வைத்தது; அதன் உடற்கூறு, பரிணாம அடிப்படைகளை உடலியல் ஆய்வாளர்கள் வலுவாகக் கேள்வி கேட்கிறார்கள். நோயாளிக்கு விளக்க வசதியான படம் என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

தனியாக எதையும் தொடங்கக் கூடாதவர்களும் உண்டு. தற்கொலை எண்ணம் இருப்பவர்கள், அடிக்கடி நினைவு தப்பி நேரம் போவதே தெரியாதவர்கள், இல்லாத குரல் கேட்பவர்கள், மதுவில் நாளைக் கழிப்பவர்கள் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். படபடப்பும் தலைசுற்றலும் தைராய்டு, ரத்தச்சோகை, இதயத் துடிப்புக் கோளாறு, விபத்தில் உட்காதுக்கு ஏற்பட்ட பாதிப்பு ஆகியவற்றாலும் வரும். ஒரு பொது மருத்துவரிடம் இவற்றை விலக்கிக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், குறிப்பாகத் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் வகையை, யார் சொன்னாலும் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

யாரிடம் போவது? இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. உடல்வழிப் பயிற்சிச் சான்றிதழ் அதன் மேல் கூடுதலாக இருக்க வேண்டியது, அதற்குப் பதிலாக இருக்கக் கூடியது அல்ல. செலவு சுமை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில், இலவசமாகப் பேசலாம். யோகாவும் ஜபமும் சிகிச்சையில் சேருமா என்று தயங்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் போரால் நொறுங்கியவர்களுக்கு மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், அவரவர் மதத்தில் பழகிய சொல்லைத் திரும்பச் சொல்வதையும் மூச்சையும் யோகாவையும் சேர்த்தே பயன்படுத்தினார். உங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிய ஒரு வரி இருந்தால், வெளிமூச்சில் அதை வைத்துக்கொள்ளலாம்.

முதல் தொலைபேசி அழைப்பிலேயே சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். பி.டி.எஸ்.டிக்கு எந்த முறையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள்? மொத்தம் எத்தனை அமர்வு ஆகும், நடுவில் பலனை எப்படி அளப்பீர்கள்? தொடுவது உண்டா? பெரும்பாலும் தேவையில்லை, உண்டு என்றால் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு, உடையோடு, வேண்டாம் என்றால் அதோடு விட வேண்டும். கடைசியாக ஒன்று: நான் பாதியில் நிறுத்தச் சொன்னால் என்ன செய்வீர்கள்? "உடனே நிறுத்துவேன்" என்று யோசிக்காமல் சொல்பவரிடம் போங்கள். "அப்போதுதான் தாண்டி வர வேண்டும்" என்று தொடங்கினால் போனை வைத்துவிடுங்கள். அந்த முகாமுக்கும் ஒரு போன் போட்டு இதையே கேட்டுப் பாருங்கள்.